பேட்டர்களைப் பற்றி எழுது

ரைபிள் ரேஞ்ச் பிளாட், பினாங்கு
10.3.1985

அன்புத் தங்கை அன்னமேரிக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாகக் கம்பெனிக்கு டெலக்ஸ் வந்தது. உன் கையால் எழுதிய கடிதம்தான் இன்னும் வரவில்லை. ஜப்பானில் தபால்தலைக்குப் பஞ்சமா?

உன்னை வழியனுப்பிய மறுநாளே அப்பா ஃபெரியில் கயிறு கட்டுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரோடு வேலை பார்க்கும் யூசுப் பாய் பட்டர்வொர்த் ஜெட்டியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரோசம்மா, ஒந் தங்கச்சி அங்க சாஃப்ட்பால் வெளையாண்டா சம்பளமாமே? நெசமாலா?" என்றார். "காலையில பேக்டரி, மத்தியானம் கிரவுண்டு. ரெண்டும் வேலைதான் பாய்" என்றேன். அவர் வாயைப் பிளந்ததில் ஒரு கார் ஹாரன் அடித்துத்தான் மூட வேண்டியதாயிற்று.

எல்லாருக்கும் பெருமை. ஆனால் பெருமையெல்லாம் நவம்பர் வரைதான் என்பதை நீ மறந்துவிடாதே. ஒரு சீசன். ஆடிக் காட்டினால் அடுத்த வருஷமும் அங்கே. இல்லையென்றால் மறுபடியும் பாயான் லெபாஸ் பேக்டரியில் என் பக்கத்து நாற்காலி.

நம் டீமில் உன் கேட்சர் இடத்தில், பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்க, சந்திரிகாவை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல பெண்தான். ஆனால் நான் போடும் டிராப் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கண்ணை மூடி வாங்க அது என்ன நற்கருணையா?

உன் பொடி எழுத்து அப்பா கண்ணுக்குப் பிடிபடாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆகவே ஆட்டத்தைப் பற்றி விவரமாக எழுது. குளிருக்குக் காலுறை போட்டுத் தூங்கு.

மாதா உன்னைக் காக்கட்டும்.
உன் அக்கா,
ரோசம்மா


நகோயா பக்கம்
7.4.1985, உயிர்ப்பு ஞாயிறு

பிரியமுள்ள அக்காவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. இங்கே பக்கத்தில் கோவில் இல்லை. விடுதி அறையிலேயே செபம் சொல்லிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முதுகுவலி எப்படி? தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை தொழிற்சாலையில் வேலை. மத்தியானம் மைதானம். இருட்டும் வரை விடமாட்டார்கள். பத்தொன்பது பெண்கள் இருக்கிறோம், நான் மட்டும்தான் கறுப்பு. முதல் வாரம் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டது.

இங்கே பந்து போடும் பிட்சர்களைப் பற்றிச் சொன்னால் உனக்குத் தூக்கம் வராது. பெரியவள் தகாஷிமா. பந்து போடும் முன் கையை இடது இடுப்பில் இரண்டு தரம் துடைப்பாள். அவள் டிராப் பந்து நேராக வந்து, பேட்டர் அடிக்கப் போகும் நேரத்தில் மேசையிலிருந்து உருண்டு விழுகிற மாதிரி விழும். களைத்துவிட்டால் வலது முட்டி கொஞ்சம் தாமதமாக வரும், அப்போது பந்து விழாமல் மிதக்கும். இது அவளுக்கே தெரியாது. சின்னவள் நிஷி, பத்தொன்பது வயது. அவள் பந்து மேலே ஏறும். என் உள்ளங்கை தக்காளியாகிவிட்டது.

கோச்சின் பெயர் ஹயாஷி. பேசமாட்டார். கிமுரா என்று இன்னொரு கேட்சரும் இருக்கிறாள், எட்டு வருஷமாக ஆடுகிறவள். முதல் ஆட்டம் ஜெயித்தோம்.

சந்திரிகாவைத் திட்டாதே. முதலில் டென்னிஸ் பந்தைப் போட்டுப் பழக்கு.

செபத்தில் என்னை நினைத்துக்கொள்.
தங்கை,
மேரி


பினாங்கு
2.5.1985

என் அருமை மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். அப்பாவின் முதுகு சரியாகிவிட்டது, பெருமையில் நிமிர்ந்ததால் இருக்கும். எனக்கும் சுகக் குறைவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் உன் பெயரை அறிவித்தார். "நம் பங்கைச் சேர்ந்த இராயப்பனின் மகள் ஜப்பானில் ஆடிக்கொண்டிருக்கிறார்" என்றதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அப்பா கேட்கிற கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்லி முடியவில்லை. ரன் முடிக்க ஓடி வருகிறவர்களில் எத்தனை பேரை நீ ஹோம் பிளேட்டில் அவுட் ஆக்கினாய்? இரண்டாவது பேஸுக்கு ஓடுகிறவளை உட்கார்ந்தபடியே எறிந்து பிடித்தாயா? நம் பாடாங் மைதானத்தில் பேராக் டீம்காரிகளுக்குச் செய்தாயே, அது மாதிரி? அடுத்த கடிதத்தில் எழுது.

சந்திரிகா டென்னிஸ் பந்துக்கும் கண்ணை மூடுகிறாள்.

அன்புடன்,
ரோசம்மா


(அஞ்சலட்டை)
9.6.1985

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தோம். நிஷி புதிதாக ஒரு மெதுவான பந்து பழகுகிறாள், பிடியை மாற்றாமல் விரலை மட்டும் மடக்குகிறாள். தகாஷிமாவுக்குத் தோள் வலி, ஆனால் சொல்லமாட்டாள். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். அப்பாவுக்கு முத்தம்.

மேரி


பினாங்கு
24.6.1985

மேரி,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

ஈப்போவில் ஆடிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது நீ என்னை ஒரு நாளாவது தூங்க விட்டதுண்டா? தைப்பிங் தாண்டும் வரை பேட்டர்கள், பேட்டர்கள், பேட்டர்கள். இவள் முன்கால் எங்கே வைத்தாள், அவள் மட்டையை எத்தனை விரற்கடை மேலே பிடித்தாள், பயந்தவள் எப்படிக் காலால் மண்ணைக் கிளறினாள். "போதும்லா, தூங்கவிடு" என்று நான் கத்தி, டிரைவர் திரும்பிப் பார்த்து, அப்புறமும் நீ நிறுத்தமாட்டாய். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்காருகிறவள், அவளுடைய மூச்சு வரைக்கும் கேட்கிறவள். வேறு எதைப் பேசுவாய்?

ஒரு கடிதம், ஒரு அட்டை. இரண்டையும் நாலு தரம் வாசித்துவிட்டேன். இடுப்பில் கை துடைக்கிறவள் இருக்கிறாள், விரல் மடக்குகிறவள் இருக்கிறாள். எல்லாம் உங்கள் பிட்சர்கள். எதிரணியிலிருந்து ஒரு பேட்டர்கூட இல்லை. இந்த நாலு மாதத்தில் நீ ஒரு பேட்டருக்குப் பின்னால் உட்காரவே இல்லை. அப்படித்தானே?

நீ பொய் எழுதவில்லை, தெரியும். "ஜெயித்தோம்" என்றுதான் எழுதினாய். "ஆடினேன்" என்று எழுதவில்லை. ஆனால் அப்பா இங்கே பூசையில் எழுந்து நிற்கிறார், மேரி.

நானும் யோக்கியமில்லை. அப்பாவுக்கு வாசிக்கும்போது நானே சேர்த்து வாசிக்கிறேன். அந்த அட்டையில் நீ மூன்று பேரை ஹோம் பிளேட்டில் அவுட் ஆக்கினாய். ஒருத்தி மூக்கில் அடிபட்டாள். அப்பா அவளுக்காகச் செபம்கூடச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நம் கம்பெனியின் ஜப்பான் டைரக்டர் பாடாங்குக்கு ஆட்டம் பார்க்க வந்தபோது, அங்கத்து டீமுக்கு என்னைத்தான் கேட்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் உன் பெயரைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை, நீ காய்ச்சல் என்று நினைத்தாய். அப்படிப்பட்ட இடத்தில் நீ உட்காராமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. உள்ளதை எழுது.

சாப்பிடுகிறாயா?

ரோசம்மா


பினாங்கு
29.7.1985

அன்புள்ள மேரிக்கு,

ஒரு மாதமாயிற்று, பதில் இல்லை. நாங்கள் நலம். புக்கிட் மெர்த்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்கு அப்பாவும் நானும் போய் உன் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். கூட்டத்தில் என் செருப்பு போய்விட்டது. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் எழுதியதைத் திரும்ப வாங்கமாட்டேன்.

ரோசம்மா


நகோயா பக்கம்
18.8.1985

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. பதில் எழுதி எழுதிக் கிழித்ததில் இரண்டு மாதம் போய்விட்டது.

நீ சொன்னது சரி. நான் ஆடவில்லை.

முதல் ஆட்டத்தன்று முகமூடி, மார்க்கவசம், கால்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கோச் வந்து மைதானத்துக்கு வெளியே, கம்பி வலைக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆட்டம் நடக்கும்போது அடுத்து இறங்கப்போகும் பிட்சர் அங்கேதான் கையைச் சூடேற்றுவாள். அவளுக்குப் பந்து பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு பந்து. இந்த வேலை செய்கிறவளை இங்கே 'கபே' என்பார்கள். சுவர் என்று அர்த்தம். திட்டு இல்லை, வேலையின் பெயரே அதுதான்.

ஏன் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கோச்சிடம் கேட்டேன். "மைதானத்தில் எல்லாரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவள் கேட்சர் ஒருத்திதான். பந்தை எங்கே எறிய வேண்டும் என்று அவள்தான் கத்த வேண்டும். இந்தப் பெண்ணின் கை நல்ல கை. குரல் இல்லை" என்றார்.

எனக்குக் குரல் இல்லையாம், அக்கா! நம் டீமில் மலாயில் யாஸ்மினை, ஹொக்கியன் சீனத்தில் ஆ லானை, தமிழில் உன்னை ஒரே மூச்சில் கத்தினவள் நான். ஆனால் இங்கே முதல் பயிற்சியிலேயே அவசரத்தில் "லெகாஸ்! ரூமா!" என்று மலாயில் கத்திவிட்டேன். சீக்கிரம் ஹோமுக்கு எறி என்று. ஒருத்தியும் அசையவில்லை. ரன் ஓடிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கக்கூட இல்லை. அன்று மூடிய வாய்தான்.

ஜப்பான் வார்த்தைகள் எல்லாம் தெரியும். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். மைதானத்தில் தொண்டைக்கு மேல் வருவதில்லை. நவம்பர் வரை இப்படியே பந்து பிடிப்பதைவிட இப்போதே டிக்கெட் கேட்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீயே சொல்லு.

உன் செருப்புக்காக வருத்தப்பட்டேன்.
மேரி


பினாங்கு
1.9.1985

அன்பு மேரிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம், நீ மட்டும் அசுகம் என்று தெரிகிறது.

டிக்கெட் கேட்டாயானால் உன்னைக் கூப்பிட நான் ஜெட்டிக்கு வரமாட்டேன், சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொல்லமாட்டேன். நான் கட்டின பொய்யை நானே இன்னும் இரண்டு மாதம் தூக்குவேன், எனக்கு முதுகு இருக்கிறது.

பாடாங்கில் யாரைக் கேட்டுக்கொண்டு கத்தினாய்? அந்தக் கம்பி வலைக்குப் பின்னாலிருந்தே கத்து. வலையில் ஓட்டை இருக்கிறதல்லவா, குரல் போகும். ஒவ்வொரு பந்துக்கும், நீயே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி, எங்கே எறிய வேண்டும் என்று கத்து. தப்பு வந்தால் வரட்டும். கோச் வாயை மூடச் சொன்னால் மொழி புரியாத மாதிரி நில்லு. அதற்காவது அந்த மொழி உதவட்டும்.

உள்ளே போய் ஆடினாயானால் எனக்கு ஜெயம் தோல்வி எழுதாதே. பேட்டர்களைப் பற்றி எழுது. அதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா துணை.
ரோசம்மா


பட்டர்வொர்த் ஃபெரி நிலையம்
22.9.1985

அன்பு மகள் அன்னமேரிக்கு அப்பா இராயப்பன் ஆசீர்வாதம். நான் நலம். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது டிக்கெட் கவுண்டர் ரேமண்ட். அவன் என் பேச்சைத் திருத்தாமல் எழுதுகிறான்.

பினாங்குக்குப் பாலம் தொறந்தாச்சி. ஃபெரியில காரு கொறைஞ்சு போச்சி. யூசுப்புக்கும் எனக்கும் பேச நெறைய நேரம்.

ரோசம்மா ஒன் அட்டைய அரை மணி நேரம் வாசிச்சா. அட்டையில அவ்ளோ எடம் இருக்கா? எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. அதனால அவ வேலைக்குப் போனப்புறம் ஒன் ஆகஸ்ட் கடிதாசிய எடுத்தாந்து ரேமண்டுகிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லாம் தெரியும். அவகிட்டச் சொல்லாத. பாவம், எனக்காக மெனக்கெட்டுப் பொய் சொல்றா. நல்லாவும் சொல்றா.

ஒன்னு கேளு. ஃபெரி ஜெட்டியில ஒட்டுறப்ப கயிறு பிடிக்கிறவன் கத்தணும். மேல நிக்கிற கேப்டனுக்குக் கீழ இருக்கிறது தெரியாது. முப்பது வருசமாக் கத்துறேன். எந்தக் கேப்டனும் என்னைக் கத்தச் சொல்லல, நான் கேட்கவும் இல்ல. ஒந் தொண்டை என் தொண்டைதான்.

யூசுப்பு சலாம் சொல்றான். நீ ஆடலன்னு அவனுக்கும் சொல்லிட்டேன். "இன்னும் நவம்பர் வரல்லலா" அப்படின்னான்.

அப்பா


நகோயா பக்கம்
6.10.1985

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குளிர் தொடங்கிவிட்டது.

கத்தினேன். மூன்று வாரமாகக் கத்துகிறேன். முதல் நாள் "இரண்டாவது பேஸ்!" என்று ஜப்பான் மொழியில் நான் போட்ட கூச்சலில் நிஷி பந்தைக் கீழே போட்டுவிட்டாள். நடுவர் திரும்பிப் பார்த்தார். கிமுரா முகமூடியைத் தூக்கி முறைத்தாள். கோச் வலையருகே வந்து ஏதோ சொன்னார். நான் நீ சொன்ன மாதிரி நின்றேன். அவர் போய்விட்டார்.

நிறையத் தப்பு வந்தது. அவசரத்தில் இன்னமும் மலாய்தான் வருகிறது. பயிற்சியில் நான் "லெகாஸ்" என்றால் பெண்கள் சேர்ந்து "லெகாஸ்" என்று கத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போன சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும் ஓகாவா பந்தை எடுத்துவிட்டு, எறியும் முன் ஒரு கணம் என் பக்கம் பார்த்தாள். கிமுரா பக்கம் இல்லை, என் பக்கம். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

இன்னும் நாலு ஆட்டம் இருக்கிறது. டிக்கெட் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தொண்டைக்கு இஞ்சி போட்டுக் குடிக்கிறேன்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.
மேரி


நகோயா பக்கம்
4.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் சுகம், என் பத்து விரலும் சுகம்.

முதல் பேட்டர் இடது கைக்காரி. உயரம் நம் சந்திரிகா அளவுதான். மட்டையைத் தாழப் பிடிக்கிறாள், ஆனால் அடிக்கும் முன் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துகிறாள். அது எனக்குக் கேட்டது. மூச்சை நிறுத்தியதும் தகாஷிமாவிடம் மெதுவான பந்து கேட்டேன். மட்டையை வீசித் தவறவிட்டு உட்கார்ந்தே போய்விட்டாள்.

இரண்டாவது பேட்டர் பேசுகிறவள். என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். "மலேசியா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தகாஷிமாவின் தலைக்கு மேலாக அடித்தாள். நல்ல அடி. அவளை மறக்கமாட்டேன்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாவது இன்னிங்ஸில் பந்து மட்டையில் உரசித் திரும்பி வந்து கிமுராவின் வலது கை விரலில் பட்டது. நகம் கறுத்துவிட்டது. கோச் பெஞ்சைப் பார்த்தார், பிறகு வலையைப் பார்த்தார். "கபே" என்றார். அவ்வளவுதான். கிமுரா தன் முகமூடியைக் கழற்றி இடது கையால் என்னிடம் கொடுத்தாள்.

நாலாவது இன்னிங்ஸில் பயந்தவள் ஒருத்தி வந்தாள். காலால் மண்ணைக் கிளறினாள், பேராக்காரி மாதிரியே. அவளுக்கு மூன்றும் டிராப். அடுத்தவள் தடித்த பெண், கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள், கண்ணாடி போட வேண்டியவள். அதற்கடுத்தவள் மட்டையைத் தரையில் மூன்று தரம் தட்டினாள். இரண்டு தரம் தட்டினால் ஓங்கி அடிக்கமாட்டாள், மெல்லத் தட்டிவிட்டு ஓடுவாள், முன்பே வலைக்குப் பின்னாலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். ஆறாவது இன்னிங்ஸில் அவள் மறுபடி வந்து இரண்டு தரம் தட்டியபோது மூன்றாவது பேஸில் அவர்கள் ஆள் ஒருத்தி நின்றாள். தகாஷிமாவின் முட்டி தாமதமாகிவிட்டது, பந்து விழவில்லை. பேட்டர் தட்டிவிட்டாள். பந்து ஓகாவா பக்கம் உருண்டது. மூன்றாவது பேஸில் நின்றவள் என்னை நோக்கி ஓடி வருகிறாள். நான் வாயைத் திறந்தேன். எட்டு மாதம் படித்த ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தை வரவில்லை, அக்கா. "லெகாஸ்! ரூமா!" என்றுதான் வந்தது.

ஓகாவா யோசிக்கவே இல்லை. எறிந்துவிட்டாள்.

ஓடி வந்தவள் என் மேல் விழுந்ததில் இருவரும் மண்ணில் உருண்டோம். முழங்கையில் தோல் போய்விட்டது. பந்து என் கையுறைக்குள் இருந்தது, அவள் அவுட். நான் அழுதுவிட்டேன். முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியாது.

ஏழாவது இன்னிங்ஸ் பேட்டர்களைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், பார். கடைசிப் பெண்ணின் முன்கால் விஷயத்தை இரண்டு தரம் வாசி, உனக்குப் பயன்படும். ஜெயமா தோல்வியா என்று எழுத வேண்டாம் என்று நீ சொன்னாய், எழுதவில்லை.

ஆட்டம் முடிந்து கோச் ஒரு தாள் நீட்டினார். அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

யூசுப் பாயிடம் நவம்பர் வந்துவிட்டது என்று அப்பாவைச் சொல்லச் சொல். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்கும்போது நீ ஒன்றும் சேர்க்க வேண்டாம், அக்கா. எழுதியிருப்பதை மட்டும் வாசி.

உன் தங்கை,
அன்னமேரி